ஒரு பையில் இரண்டு கிளினிக் கொப்பி

நீரிழிவுக் கிளினிக் நாட்களில் விடிய ஐந்தரைக்கே ஆட்கள் வந்து வாங்கில் கொப்பியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வரிசையில் ஆள் நிற்காது, கொப்பி நிற்கும். ஏழு மணிக்கு நான் இரத்தம் எடுக்கத் தொடங்குவேன். வெறுவயிற்றோடு வந்தவர்கள் இரத்தம் கொடுத்த கையோடு வேப்பமரத்தடிக்குப் போய், கொண்டுவந்த இடியப்பப் பொட்டலத்தையோ பாணையோ பிரிப்பார்கள். தாதியாக வேலை செய்த 32 வருஷத்தில் 19 வருஷம் எனக்கு இப்படித்தான் விடிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மூன்று ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து, இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன்.

அந்த வருஷங்களில் நான் மிகப் பிந்திப் படித்த பாடம் ஒன்று உண்டு. குளிசையைக் கூட்டக் கூட்ட இறங்க மறுக்கிற சீனிக்கும் பிரஷருக்கும் பின்னால் பல தடவை மனச்சோர்வு இருக்கிறது. அந்த மனச்சோர்வும் இரத்தத்திலும் ஈரலிலும் நாளங்களிலும் வேலை செய்கிற ஒரு வருத்தம்தான். இதை எனக்குப் படிப்பித்தது ஒரு நோயாளி. அவரையும் கீழே வரும் மற்றவர்களையும் யாரும் அடையாளம் காணாதபடி ஊரையும் வயதையும் மாற்றியிருக்கிறேன்.

அந்த அம்மா வலிகாமத்துக் கமக்காரக் குடும்பம். வெங்காயமும் புகையிலையும் செய்து, பிள்ளைகளைப் படிப்பித்து, வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருந்த தம்பதி. இரண்டு பேருக்கும் சீனி வருத்தம். இரண்டு பேரும் ஒன்றாகவே கிளினிக்குக்கு வருவார்கள். அம்மாவின் கொப்பியைப் பிரித்தால் 118, 124, 115 என்று வெறுவயிற்றுச் சீனி ஒழுங்காக நிற்கும். "இந்த அம்மாவைப் பாருங்கோ" என்று மற்றவர்களுக்குக் காட்டுகிற கொப்பி அது.

பிறகு அது ஏறத் தொடங்கியது. 168. அடுத்த முறை 190. அதற்கடுத்து 236. டொக்டர் மெற்போர்மினைக் கூட்டினார். இன்னொரு குளிசை சேர்ந்தது. இனி இன்சுலின் ஊசிதான் என்று பேச்சு வந்தது.

236 வந்த அன்று நான் அவரை ஏசினேன்.

"அம்மா, வாயைக் கட்டாமல் குளிசையை மட்டும் குடிச்சு என்ன பிரயோசனம்? இரவு என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டும் சாப்பிடேல்லை பிள்ளை. பச்சைத்தண்ணிதான் குடிச்சனான்."

"ஒண்டும் சாப்பிடாமல் 236 வருமோ?"

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கொப்பியை வாங்கிக்கொண்டார். வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் அதைத் தடுக்கவில்லை. அந்த அம்மா சொன்னது முழு உண்மை என்று எனக்குத் தெரியவர இன்னும் ஒரு மாதம் ஆனது.

அடுத்த கிளினிக்கில் அவருடைய பரிசோதனைத் துண்டைக் காணவில்லை. பையை வாங்கி நானே தேடினேன். உள்ளே இரண்டு கொப்பிகள். ஒன்று அவருடையது. மற்றது கணவருடையது. கணவர் இறந்தது எனக்குத் தெரியும். ஆனால் நாளும் பொழுதும் நூறு பேர் வந்துபோகிற இடத்தில் அது எப்போது என்று நினைவில் இல்லை. இரண்டு கொப்பிகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். கணவரின் கொப்பியில் கடைசிப் பதிவு ஓகஸ்ட் மாதம். அம்மாவின் கொப்பியில் சீனி ஏறத் தொடங்கியது நவம்பர் மாதம். இரண்டு பக்கமும் என் கையெழுத்துத்தான்.

"இதை ஏனம்மா இன்னும் கொண்டு திரியிறியள்?"

"அது பைக்குள்ளதான் எப்பவும் கிடக்கும். எடுத்து வைக்க மனம் வரேல்லைப் பிள்ளை."

அன்று அவரை மருந்து கட்டுகிற அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய் இருத்திக் கேட்டேன். விடிய மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, பிறகு நித்திரை இல்லை. உடம்பெல்லாம் உளைவு. நெஞ்சுக்குள் கல்லு வைத்த மாதிரிப் பாரம். சமைக்க மனமில்லை: "ஒராளுக்கு என்ன சமையல்?" கோயிலுக்குப் போய் மாதக்கணக்கு. குளிசை சில நாள் குடிப்பது, சில நாள் "இனி ஏன் எண்டு" விடுவது. ஒரு மணித்தியாலம் கதைத்ததில் "கவலை" என்ற சொல் அவர் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. உளைவு, பாரம், தலையிடி, பெருமூச்சு. எல்லாம் உடம்பின் சொற்கள்.

அந்த நாட்களில் எங்களிடம் இருந்த பொது வைத்திய நிபுணர் பொறுமையான மனிதர். நான் இதைச் சொன்னதும், தேத்தண்ணி நேரத்தில் ஒரு மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார். மூளைக்கு அடியில் பரிவகக்கீழ். அதற்குக் கீழே கபச்சுரப்பி. இரண்டு சிறுநீரகங்களுக்கு மேலும் தொப்பி போட்ட மாதிரி அதிரீனல் சுரப்பிகள். ஆபத்து என்று மூளை எண்ணினால் மேலிருந்து கீழே கட்டளை போகும், அதிரீனல் சுரப்பி கோட்டிசோல் என்ற ஓமோனை இரத்தத்தில் விடும். சுகமான ஆளில் அது விடியற்காலையில் உயர்ந்து இரவில் தாழும். ஆபத்து முடிந்ததும் மூளை தானே அதை நிறுத்தும். மனச்சோர்வு நீண்டுபோனவர்களில் பலருக்கு இந்த நிறுத்தம் பழுதாகிறது. பின்னேரம் தாழ வேண்டிய கோட்டிசோல் தாழாமல் நிற்கிறது.

கோட்டிசோலின் வேலை, பட்டினி கிடந்தாலும் ஓடித் தப்பத் தேவையான சீனியை இரத்தத்தில் வைத்திருப்பது. அதற்காக அது தசையின் புரதத்தை உடைத்து ஈரலுக்கு அனுப்பிக் குளுக்கோசு செய்விக்கும். இன்சுலின் சொல்வதை உடம்பு கேளாமல் பண்ணும். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கும். படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த அம்மா அடுப்பு மூட்டாமல் பச்சைத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். உள்ளே அவருடைய ஈரல் இரவிரவாகச் சமைத்திருக்கிறது.

இதற்குச் சாட்சி எங்கள் வாட்டுகளில் எப்போதும் இருந்தது. தொய்வுக்காரருக்குப் பிறெட்னிசொலோன் குளிசை கொடுத்தால் சீனி ஏறும், நித்திரை கெடும், சிலருக்கு மனமும் குழம்பும். அந்தக் குளிசை கோட்டிசோலின் உறவுக்காரன்தான். இதைப் பல வருஷமாகக் கண்ணால் கண்டும், அதே விஷயம் குளிசை இல்லாமலே ஓர் உடம்புக்குள் நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

யோசித்தவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். நீரிழிவுக்காரரின் சிறுநீர் தேன்போல இனிக்கிறது என்று எழுதிய 17ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் தோமஸ் வில்லிஸ், நெடுநாள் துக்கம் இந்த வருத்தத்தைக் கொண்டுவரும் என்றும் எழுதினார். நம் காலத்து ஆய்வுகள் அதை எண்ணிக் காட்டியிருக்கின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2001இல் வந்த தொகுப்பு ஆய்வு சொன்னது. மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் அபாயம் சுமார் 60 சதவீதம் கூடுதல் என்று 2008இல் வந்த இன்னொன்று சொன்னது. பாதை இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது.

மனமும் உடம்பும் சந்திக்கிற முதற்பாதை கோட்டிசோல் என்றால், இரண்டாவது பாதையை அந்த டொக்டர் காய்ச்சலை வைத்து விளக்கினார். 2006 கடைசியில் சிக்குன்குனியா பரவியது நினைவிருக்கும். ஓகஸ்டில், குடாநாட்டை வெளியோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டு, குடாநாட்டுக்குப் பனடோலே அருமையாக இருந்த நேரம். காய்ச்சல் வந்த ஆட்கள் எப்படிக் கிடந்தார்கள்? சாப்பாடு வேண்டாம், கதை வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், பிள்ளை வந்து மடியில் ஏறினாலும் எரிச்சல். அந்தக் கிடையைக் கிருமி நேராகச் செய்வதில்லை. கிருமியோடு சண்டைக்குப் போகும் வெண்குருதிக் கலங்கள் சைற்றோகைன் என்ற இரசாயனத் தூதுகளை விடுகின்றன. அவை மூளைக்குப் போய், "அசையாதே, படு" என்கின்றன. கிருமி போனதும் தூது நின்றுவிடும், ஆள் எழும்பிவிடுவார்.

சில வருத்தங்களில் அந்தத் தூது நிற்பதில்லை. நீரிழிவு, உடற்பருமன், மூட்டுவாதம், இருதய நாள நோய் இவற்றிலெல்லாம் உடம்புக்குள் ஒரு சிறு அழற்சி உமித்தீப் போல வருஷக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும். மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கும் அதே அழற்சி அடையாளங்கள் இரத்தத்தில் கூடியிருக்கின்றன. ஹெப்பற்றைற்றிஸ் சி நோய்க்கு முன்னாளில் இன்ரபெரோன் ஊசி போட்டார்கள். அது சைற்றோகைன் வகை மருந்து. போட்டவர்களில் மூன்று நான்கு பேருக்கு ஒருவர், முன்பு ஒரு குறையும் இல்லாமல் இருந்தும், சில வாரங்களில் மனச்சோர்வுக்குள் விழுந்தார்கள். உடம்பில் ஓடுகிற ஓர் இரசாயனம் மனத்தைப் படுக்க வைக்கும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி நான் அறியேன்.

மூன்றாவது பாதை இருதயத்துக்குப் போவது. எங்களிடம் ஒரு மேசன் வந்துகொண்டிருந்தார். ஐம்பத்துநான்கு வயது. மாரடைப்பு வந்து பிழைத்தவர். குளிசைகளைக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, நடக்கச் சொல்லி அனுப்பினோம். மனைவி வந்து, "நடக்கிறதோ? மனிசன் கதிரையை விட்டு எழும்புறதில்லை, ஆரோடையும் கதையில்லை" என்றார். "வருத்தம் வந்த ஆள்தானே, பயத்திலை இருப்பார்" என்று நான் சமாதானம் சொன்னேன். ஐந்தாம் மாதம் இரண்டாவது தடவை நெஞ்சு நோ வந்து, கொண்டுவரும் வழியில் இறந்துபோனார். அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனைவி கிளினிக் வாசலில் வைத்து எனக்குச் சொன்னது ஒரு நோய்க்குறி. அதை நான் கொப்பியில் எழுதவில்லை.

கனடாவின் மொன்றியலில் மாரடைப்பு வந்த 222 பேரை ஆறு மாதம் தொடர்ந்து பார்த்து 1993இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனச்சோர்வு இருந்தவர்கள் அந்த ஆறு மாதத்துக்குள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இன்ரர்ஹார்ட் ஆய்வில் இலங்கையும் ஒரு நாடு. புகை, கொழுப்பு, பிரஷர், சீனி இவற்றோடு மன அழுத்தத்தையும் மனச்சோர்வையும் அது மாரடைப்பின் காரணிகளுள் ஒன்றாக நிறுத்தியது. காரணம் விளங்காத விஷயமல்ல. சோர்ந்த உடம்பில் பரிவு நரம்புகள் எப்போதும் உஷாராக நிற்கின்றன. இருதயம் மூச்சுக்கு ஏற்ப நெகிழ்ந்து துடிக்கிற தன்மை குறைகிறது. குருதிச் சிறுதட்டுகள் இலகுவில் ஒட்டிக் கட்டியாகின்றன. மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரற்றோனின்தான் அந்தச் சிறுதட்டுகளுக்குள்ளும் நிறைந்திருக்கிறது.

மருந்துப் பெட்டிக்குள்ளும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. நீரிழிவில் கால் எரிவு வந்தவர்களுக்கு இரவில் குடிக்க அமிற்றிப்ரிலின் என்ற சின்னக் குளிசை கொடுப்போம். அது மனச்சோர்வுக்கென்று வந்த மருந்து. குறைந்த அளவில் நோவைக் குறைக்கும், கூடிய அளவில் மனச்சோர்வுக்கு வேலை செய்யும். நோவும் மனமும் மூளையில் ஓரளவு ஒரே வழியால் போய்வருவதால்தான் ஒரு குளிசை இரண்டையும் தொடுகிறது. ஆனால் மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்தப் பழைய வகைக் குளிசை ஆபத்தானது. அவர்களுக்கென்று பாதுகாப்பான வேறு குளிசைகள் இருக்கின்றன. அயலவரின் குளிசையை வாங்கிக் குடிக்கிற பழக்கம் எங்கள் ஊரில் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

பாதை மறுபக்கமாகவும் ஓடும் என்றேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை மகள் கூட்டிவந்தார். "அம்மாவுக்கு மனவருத்தம். ஒரு வருஷமா ஒண்டிலையும் பிடிப்பில்லை. கவுன்சிலிங்குக்கு அனுப்புங்கோ." நாடி பிடித்தேன், நிமிஷத்துக்கு 52. கை குளிர்ந்து, தோல் காய்ந்து, குரல் கரகரத்து, பங்குனி வெயிலிலும் சால்வை போர்த்தியிருந்தார். இரத்தத்தில் தைரொயிட் ஓமோன் மிகக் குறைவு. தைரொக்சின் குளிசையோடு நாலைந்து மாதத்தில் பழைய ஆசிரியையாக வந்து என் எழுத்துப்பிழையைத் திருத்தினார். இரத்தச்சோகையும், பல வருஷம் மெற்போர்மின் குடிப்பவர்களில் சிலருக்கு வரும் விற்றமின் பி12 குறைவும் இதே வேஷத்தில் வரும். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அவர்கள் அழுவதைப் பார்த்து, "கையும் காலும் விழுந்தால் ஆர்தான் அழாயினம்" என்று விட்டுவிடுகிறோம். அடிபட்ட மூளையும் அங்கே அழுகிறது. அதற்கு மருந்து உண்டு.

எங்கள் மண்ணில் ஒரு நோயாளியிடம் மனச்சோர்வைப் பற்றிக் கேட்காமல் விடுவதற்கு மன்னிப்பே இல்லை. போர் முடிந்த கையோடு, 2009 ஜூலையிலிருந்து செப்ரெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் வீடு வீடாகச் செய்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தவர்கள் 22.2 சதவீதம். பதகளிப்பு 32.6 சதவீதம். அதாவது அன்று என் வாங்கில் இருந்த ஐந்து பேரில் ஒருவர். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் நெடுநாள் இங்கே மனநல மருத்துவராக இருந்து, எங்கள் ஆட்களின் மனவேதனை உடம்பு முறைப்பாடாகவே வைத்தியசாலைக்கு வருகிறது என்பதைத் திரும்பத் திரும்ப எழுதினார். அவருடைய "மனவடு" எங்கள் விடுதியில் கைமாறித் திரிந்த புத்தகம். நானும் வாசித்தேன். வாசித்ததை இரத்தம் எடுக்கிற மேசைக்குக் கொண்டுவரப் பல வருஷம் எடுத்தேன்.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். டொக்டர் முதலில் தைரொயிட்டையும் இரத்தத்தையும் பரிசோதித்தார், அவை சரி. பிறகு மனநல மருத்துவ அலுவலரிடம் காட்டுவோம் என்றதும் அம்மா எழும்பிவிட்டார்.

"எனக்கு விசரோ? என்னைத் தெல்லிப்பழை விசர் வாட்டுக்கு அனுப்பப் போறியளோ?"

"இல்லையம்மா. நீங்கள் சாப்பிடாமல் இருக்கவும் சீனி ஏறுது எண்டு சொன்னனீங்கள். அது உண்மைதான். அதுக்கு மருந்து வேறை. அதைத்தான் தரப்போறம்."

அந்தச் சொல்தான் அவரை இருக்கவைத்தது. தான் பொய் சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரி ஒப்புக்கொண்டது. வரிசையில் வைத்து ஏசியதற்கு அன்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மனச்சோர்வுக்குப் புளுவொக்செற்றின் குளிசை தொடங்கினார்கள். முதல் இரண்டு கிழமை ஒரு மாற்றமும் தெரியாது, விடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டைத் தங்கை வீட்டில் சாப்பிட ஒழுங்கு செய்தோம். பின்னேரம் கோயில் வீதியைச் சுற்றி நடக்கச் சொன்னோம். நான் மாதம் ஒருமுறைக்குப் பதிலாக இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவரைக் கூப்பிட்டு, சீனியையும் நித்திரையையும் ஒரே பக்கத்தில் எழுதினேன். ஏழாவது மாதம் வெறுவயிற்றுச் சீனி 138. இன்சுலின் தேவைப்படவில்லை. பெருமூச்சு நிற்கவில்லை. ஆனால் விடிய ஐந்து மணிவரை நித்திரை வந்தது. கணவரின் கொப்பி பைக்குள் இருந்தது. அதை எடுக்கும்படி நாங்கள் யாரும் சொல்லவில்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சீனி தானாக இறங்கிவிடும் என்று நம்பக்கூடாது. ஆய்வுகளில் சிலவற்றில் இறங்கியது, சிலவற்றில் இறங்கவில்லை. ஓமோன் ஒரு பக்கம் இருக்க, சோர்ந்த ஆள் குளிசையையும் விடுகிறார். மனச்சோர்வு உள்ளவர்கள் மருத்துவ ஆலோசனையைக் கைவிடும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2000இல் வந்த தொகுப்பு ஆய்வு காட்டியது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நீரிழிவோ இருதய நோயோ கட்டுக்கு வராமல், மனச்சோர்வும் இருந்த 214 பேரை எடுத்து, அவர்களில் ஒரு பகுதியினரைத் தாதியரின் பொறுப்பில் விட்டு, மனத்தையும் உடம்பையும் ஒன்றாகக் கவனித்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களின் சீனி, பிரஷர், கொழுப்பு, மனச்சோர்வு நான்குமே மற்றவர்களைவிடச் சீராகின. 2010இல் வந்த அந்த ஆய்வைப் பற்றிக் கேட்ட நாளில் எனக்கு என் தொழில்மேல் வந்த பெருமை பெரியது. அதற்குப் பெரிய இயந்திரம் தேவைப்படவில்லை. ஒரு தாதியும், கேட்கிற காதும், எழுதுகிற பேனையும் இருந்தன.

அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை, சீனியோ பிரஷரோ இறங்காத ஒவ்வொருவரிடமும் குளிசையைக் கூட்டுமுன் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லி இளம் தாதியருக்குப் பழக்கினேன். "இரண்டு கிழமையா மனம் சோர்ந்து, ஒண்டும் சரிவராது எண்டு இருக்குதோ? முந்தி விருப்பமாச் செய்த அலுவல்களிலை இப்ப மனம் போகுதோ?" இரண்டையும் கேட்க ஒரு நிமிஷம் போதும். பதில் சரியாக வராவிட்டால் டொக்டரிடம் சொல்ல வேண்டும். சாவைப் பற்றிய கதை வந்தால் அன்றே சொல்ல வேண்டும், ஆளைத் தனியே விடக்கூடாது.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். சாப்பிடாமலும் சீனி ஏறுகிறது என்று அம்மா சொன்னால் அவரோடு வாதாடாதீர்கள். அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை என்றால் வயதின் தலையில் பழியைப் போடாதீர்கள். நித்திரை, பசி, உளைவு, பெருமூச்சு, மனம் போகாமை ஆகிய ஐந்தையும் கேளுங்கள். மனநல மருத்துவ அலுவலரைப் பார்ப்பது விசருக்கான முத்திரை அல்ல, சீனிக்கும் இருதயத்துக்கும் செய்கிற வைத்தியத்தின் ஒரு பகுதி. இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். அடுத்த கிளினிக்குக்குப் போகுமுன், கேட்ட பதில்களை அந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பிரஷர் பார்க்கிற தாதியிடம் விரித்துக் காட்டுங்கள்.